சீமெந்து பூசிய அத்தான்

என் அத்தான் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு, பிரான்சில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் மளிகைக்கடை. முன் வரிசைக் கத்தரிக்காய் பளபளக்கும். அடியில் அழுகியது கிடக்கும். மனிதரும் அப்படித்தான்.

அவர்கள் குடியிருந்த சார்செல் புறநகர் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானால், அக்கா இந்திராதேவி முழங்கால் வலியோடு மூட்டை தூக்கி ஏறுவாள். தரையோடு வாசல் வைத்த ஒரு வீடு, அவ்வளவுதான் அவள் கேட்டது. கடைசியில் ரயிலில் ஒரு மணி நேரம் போகிற பழைய ஊர் ஒன்றில் வாங்கினார்கள். அறுநூறு வருஷத்து வீடு. ஓக் மரச்சட்டங்கள், நடுவில் வைக்கோல் கலந்த களிமண், தெருவுக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும் மேல்மாடி. மூலைத்தூணின் வெளிப்பக்கத்தில் எவனோ ஒரு தச்சன் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தான். அக்கா அதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் கட்டடக்கலைஞர் ஆன்ஜெலிக் வந்து பார்த்தார். "களிமண், சுண்ணாம்பு மட்டும் பூசுங்கள். சீமெந்து பூசினால் ஈரம் வெளியே போக வழியிருக்காது. மரம் உக்கிவிடும்" என்றார். அத்தான் பணிவாகத் தலையாட்டினார்.

ஆன்ஜெலிக் அந்தப் பக்கம் போனதும் அத்தான் என்னிடம் திரும்பினார். "மண் சுவரைக் காட்டவோடா உதயன், சனத்தைப் புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கூப்பிடுறது? ஊரிலை வழியில்லாத ஆக்கள்தான் மண் வீட்டிலை இருந்தவை. பிரான்சுக்கு வந்தும் அதேயோ?"

உள்ளே முழுக்கச் சீமெந்து. அதன்மேல் மினுங்கும் பெயின்ட். குடிபூரலுக்கு லா சப்பலே திரண்டு வந்து "அண்ணை, அரண்மனை!" என்றது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு குளிர்காலத்தில் வீடு நாறத் தொடங்கியது. செத்த எலி என்று சொல்லி அத்தான் சாம்பிராணி போட்டார். அக்காவுக்கு இருமல் நிற்கவேயில்லை. வெடிப்பு விட்ட ஒரு மூலையை நான் சுரண்டினேன். கறுப்பாகச் சேறு வழிந்தது. சேறில்லை, மரம். உள்ளே வெள்ளைப் பூஞ்சணம், நெளியும் புழுக்கள். வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

ஆன்ஜெலிக்கைத் திரும்பக் கூப்பிட்டோம். அவர் தூணில் மடக்குக்கத்தியை அழுத்தினார். பிடி வரைக்கும் போனது. "இங்கே தங்க வேண்டாம். சீமெந்தை முழுக்க உரித்தால்தான் எதைக் காப்பாற்றலாம் என்று தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் முகம் வாடியது, வீட்டுக்காக அல்ல. "ஞாயிற்றுக்கிழமை என்ரை பிறந்தநாளுக்குச் சனம் வருது. அதுவரைக்கும் இந்த ஓட்டையைச் சீமெந்தாலை அடைச்சுவிடுவம். ஆருக்கும் தெரியவராது" என்று என் காதுக்குள் சொன்னார். அந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டு சொன்னார். எந்த மனிதரைப் பார்த்தும் எனக்கு அப்படி அருவருத்ததில்லை.

அக்காவுக்கும் கேட்டுவிட்டது. இருமிக்கொண்டே போய்ச் சுத்தியலை எடுத்துவந்தாள். முன்னறைச் சுவரின் நட்டநடுவில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"சனம் வரட்டும். வந்து இந்த நாத்தத்தை மணந்து பாக்கட்டும்."