சித்தப்பா ஏமாந்த மட்டை

எங்கள் சித்தப்பாவிடம் போலி பாட்மிண்டன் மட்டை எதுவும் தப்பியதில்லை. தப்பியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சொந்த அண்ணன் மகளுக்கு வாங்கியது என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். அந்த அண்ணன் மகள் நான்தான். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டு மட்டை கடையில் கிடைக்காது. யாராவது ஆடி முடித்து விற்றால்தான் உண்டு. அதனால் போலி மலிந்திருந்தது. உள்ளூர் மட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, இங்கிலாந்துக் கம்பெனியின் முத்திரையை ஒட்டி, லண்டனிலிருந்து நேற்றுத்தான் கப்பலில் வந்தது என்பார்கள். சித்தப்பா திருச்சியில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் கிளப்பில் ஷட்டில் ஆடுவார். ஆட்டம் சுமார்தான், மட்டை பார்ப்பதில்தான் அவருக்குப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் யாராவது காகிதம் சுற்றிய மட்டையோடு நிற்பார்கள். சித்தப்பா காபியை வேண்டுமென்றே மெதுவாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்து போவார். ஆபீசில் அவரிடம் யாரும் ஒரு யோசனை கேட்டதில்லை. வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். பாவம், இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

மட்டை பார்ப்பதெல்லாம் வாசலோடு சரி. அவருடைய சொந்த மட்டைகூட கிளப் அலமாரியிலேயே இருந்தது. அப்பா கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். தோல் பெல்ட்டைக்கூட நடைக்கு வெளியே கழற்றி வைக்கச் சொல்லுகிற வீடு அது. மட்டை ஏன் உள்ளே வருவதில்லை என்று நான் கேட்டதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் புதிதாக ஷட்டில் அணி சேர்த்தார்கள். திருச்சிப் பள்ளி ஒன்றோடு போட்டி. சொந்த மட்டை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இடம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அழுததில் அப்பா இறங்கி வந்தார். சித்தப்பா என்னைப் பொன்மலைச் சந்தைக்குக் கூட்டிப் போனார்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சாமான்கள் அந்தச் சந்தைக்கு வரும். ஒரு கிழவர் சாக்கு விரித்து, பீங்கான் தட்டுகளுக்கு நடுவே நாலு மட்டைகளை வைத்திருந்தார்.

"வாங்க சார், பாருங்க. எல்லாம் தொரை வீட்டுச் சரக்கு."

சித்தப்பா கட்டைவிரலை எச்சிலில் நனைத்து முதல் மட்டையின் முத்திரையில் தேய்த்தார். பாதி எழுத்து விரலோடு வந்துவிட்டது. இரண்டாவதன் விளிம்பை வெயிலில் திருப்பி எனக்குக் காட்டினார். நல்ல மட்டையின் வளையத்தில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்களாம். இதில் ஒரே கட்டையை வளைத்து, பென்சிலால் கோடு போட்டிருந்தது. மூன்றாவது, தரையில் வைத்தால் அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

நாலாவதைச் சித்தப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியில் தோல் போய், பழைய துண்டுத் துணி சுற்றியிருந்தது. கிழவரிடம் தீப்பெட்டி வாங்கி, முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நரம்பு நுனியில் குச்சியைக் காட்டினார். நுனி சுருண்டு கருகியது. முடி கருகுகிற நாற்றம் வந்தது.

"நைலானா இருந்தா உருகி மணி மாதிரி நிக்கும். இது அசல்டி, அசல்!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "உள்ளே கொண்டு போகாதே. சைக்கிள் கொட்டகையில மாட்டிடு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

நான் கேட்கிற ஜாதியா? செருப்பை உதறிவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன். அப்பாவோடு எதிர்வீட்டு மாமா பேசிக்கொண்டிருந்தார். "அசல் பேட் அப்பா! சித்தப்பா நெருப்பு வெச்சுப் பார்த்தார்!" என்று கத்தினேன்.

எதிர்வீட்டு மாமாவுக்குச் சித்தப்பாமேல் ஒரு கறுவல் இருந்தது. அவர் பிள்ளை ஆசையாக வாங்கிய மட்டையைச் சித்தப்பா நாலு பேர் முன்னால் போலி என்று சொல்லியிருந்தார். மாமா நிதானமாகக் கேட்டார்.

"அசலா இருந்தா ஆட்டுக் குடலைன்னா நரம்பாக் கட்டியிருப்பான்?"

அப்பா என் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார், தொடவில்லை.

"அப்படின்னா இது நம்மாத்துப் பொண்ணு தொடற வஸ்து இல்லை. திருப்பிக் கொடுத்துட்டு வந்துடு" என்றார் சித்தப்பாவிடம்.

எனக்கு உயிரே போய்விட்டது. மட்டையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். சித்தப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"குடலும் இல்லை ஒண்ணும் இல்லை அண்ணா. இது நைலான். சந்தைக் கூட்டத்துல சரியாப் பார்க்கலை, ஏமாந்துட்டேன்."

"முடி கருகின நாத்தம் வந்துதே!" என்றேன் நான், விடாமல்.

"பக்கத்துல எவனோ எதையோ கொளுத்திண்டிருந்தான்."

அப்பா தம்பியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நைலான்னா ஆடட்டும்" என்று எழுந்து போனார். எதிர்வீட்டு மாமா சிரித்த சிரிப்பு வீதிமுனை வரை கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

எனக்கு மட்டை நிலைத்தது; ஆனால் அது போலி என்பதுதான் நெஞ்சை அறுத்தது. போட்டியில் தோற்றோம். பாதிப் பந்தை நான்தான் வலையில் அடித்தேன். போலி மட்டையால் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

கல்லூரி நாளில் அதன் நரம்பு அறுந்தது. நரம்பு கட்டுகிறவர் நுனியில் தீக்குச்சியைக் காட்டி, "அசல் குடல் நரம்பும்மா. இப்பல்லாம் எங்க கிடைக்குது?" என்றார். அதே நாற்றம். கடையில் நிற்க முடியாமல் வெளியே வந்து அழுதேன். அதற்குள் சித்தப்பா வடக்கே மாற்றலாகிப் போயிருந்தார். விவரமாகக் கடிதம் எழுதினேன். பதில் கார்டில், 'நைலானே கட்டிக்கொள், மழைக்காலத்தில் நல்லது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அவர் மறந்திருக்கலாம். எனக்கு மறக்காதது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்மலைக்குப் போய்வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அதுவரை ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. அன்றைக்கு, விஷயம் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் மட்டையோடு வந்து, "சார் இருக்காருங்களா? பேட் பார்த்துச் சொல்வாராமே" என்றார்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "சித்தப்பாவுக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. வேற யார்கிட்டயாவது காட்டுங்கோ" என்றேன். அவர் போய்விட்டார்.

திரும்பினேன். சித்தப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நடைக்கு வந்திருந்தார். சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார்.

"சரியாத்தான் சொன்னே" என்றார்.

ஒப்புக்கொண்டார் பார், என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.