சீசன் முடிந்து நடக்கலாம் என்றேன்

எங்கள் சிவகாசிப் பக்கம் தீபாவளி சீசன் வந்துவிட்டால் கல்யாணம், வெள்ளையடிப்பு, கண் ஆபரேஷன் எல்லாமே அது முடியும்வரை தள்ளிப்போகும். பிரசவத்தை மட்டும்தான் இன்னும் தள்ளிவைக்க முடியவில்லை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருக்கும் நான், ஊர் வழக்கப்படி என் அத்தாவின் காலையும் தள்ளிவைத்தேன்.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் அத்தா சாத்தூர் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஒருநாள் லோடு ஏற்றிவிட்ட கையோடு போனேன். வராந்தாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார். பிசியோதெரபி பார்க்கும் பெண் பின்னால் சும்மா நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்! மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத மகன்களுக்குத்தான் இப்படிப் பொத்துக்கொண்டு வரும்.

"வயசானவுகள இப்படியா பாடுபடுத்துவீக? சீசன் முடியட்டும், நானே வந்து கையப் பிடிச்சு நடக்க வைக்கிறேன். அதுவரைக்கும் வீல்சேர்ல உக்கார வைங்க."

"இப்ப விட்டா முட்டி மடங்குனபடியே இறுகிரும்ங்க. தினமும் நடக்கணும். காலு சீசன் பாக்காது" என்றார் அந்தப் பெண்.

படித்தவர் சொன்னால் கேட்டுவிடுவேனா? மேலாளரிடம் போய்ச் சத்தம் போட்டேன். வீல்சேர் வந்தது. அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த அத்தாவைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பாராட்டித் தள்ளினார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு ஆர்டர்களைப் பார்க்கப் போனவன், மூன்று மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம், புதுச்செருப்பு வாங்கிக்கொண்டு, சொன்ன சொல் தவறாத மகனாகப் போய் இறங்கினேன். அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து அத்தாவைத் தூக்கி நிறுத்தினோம். முட்டி நீளவே இல்லை. வலி பொறுக்காமல் கத்தினார். திரும்ப உட்கார வைத்தோம்.

பழி போட ஒரு ஆள் வேண்டுமே. "நான் கோவத்துல சொன்னா, நீங்க இடையில கொஞ்சமாச்சும் நடக்க வச்சிருக்கக் கூடாதா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"தினமும் வாக்கரக் கொண்டுபோய் நின்னேங்க. அவுகதான் எந்திரிக்கல. 'எம்மகன் வந்து நடக்க வைக்கிறேன்னுருக்கான், அவன் வரட்டும்'னுட்டாக."

எனக்குத் தலை நிமிரவில்லை.

அத்தா என் பக்கம் கையை நீட்டினார்.

"இன்னொருக்க பிடிலே. நீதான் வந்துட்டேல்ல, நடந்துருவேன்."