கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும்

என் கடைப் பெயர் போட்ட காலண்டரை எனக்கே படிக்கத் தெரியாது என்பதை நாற்பத்து நாலாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் இன்னொருவர் விரல் வைத்துக் காட்டிய பிறகு. ராமேஸ்வரத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். காதுகுத்துப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மிஷினில்தான் ஓடும். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் சிவகாசியிலிருந்து மாதக் காலண்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அடியில் கடைப் பெயரை ஏற்றி வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பேன். என் பெயர் கோணாமல் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அதற்கு மேலே இருக்கிற தேதி, திதி, அமாவாசைக்குப் போடும் கறுப்பு வட்டம், பவுர்ணமிக்குப் போடும் வெள்ளை வட்டம் எல்லாம் ஊர்க்காரர்கள் பாடு.

எனக்குக் காலண்டர் தேவைப்பட்டதில்லை. எனக்கு மனசு இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் பிறந்தவன் நான். மதுரையில் அச்சகம் ஒன்றில் கூலிக்கு இருந்தபோது, ஒரு நாள் டீக்கடையில் நின்றுகொண்டிருக்கையில் "ராமேஸ்வரம் போ" என்றது மனசு. வந்தேன், பிழைத்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில், காபி கொண்டுவந்தவள் என் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைக் கண்ணாலேயே காட்டிவிட்டு உள்ளே போனாள். "இவள்தான்" என்றது மனசு. அதுவும் தப்பவில்லை. இரண்டு தடவை பலித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எதைக் கேட்டாலும் மனசு சொல்லுச்சு, மனசு சொல்லுச்சு என்பேன். "ஒங்க வாயிதான் ஓயாதுன்னு நெனச்சேன். ஒங்க மனசும் அப்படித்தானா?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள்.

தங்கச்சிமடத்துத் தையல் டீச்சரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டதும் அதே மனசுதான். என்னைவிடப் பத்து வயது இளையவர். பகலில் ஒரு கொட்டகையில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலமானால் மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளை அதே கொட்டகையில் உட்காரவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுப்பார். காசு கிடையாது. தையல் வகுப்புக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கப் போனவன் நான். சும்மா நிற்க முடியாமல் ஒரு ஜோக் சொன்னேன். இருபது பிள்ளைகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். "இங்கேயே இரு" என்றது மனசு. மறுநாளிலிருந்து கடையை ஆறு மணிக்கே அடைத்துவிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், சிரிப்பதற்கு இருபது பேர் ஒரே இடத்தில் கிடைத்ததுதான் காரணமோ என்று படுகிறது. போன முதல் வாரமே என் காலண்டர் ஒன்றையும் அங்கே ஆணியடித்து மாட்டினேன்.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பெண்கள் எட்டாம் வகுப்பு. ஒருத்தி என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் தோள் குலுங்கும். இன்னொருத்தி கடல்பாசி எடுக்கும் அம்மாவின் மூத்த மகள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் ஜோக் சொல்லும்போது போர்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் சிரித்து முடித்ததும், "சார், மூணாவது வரில மைனஸ் போடல" என்பாள். தொடர்ந்தாற்போல் ஒரு வாரம் வருவாள், ஒரு வாரம் வரமாட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நான் போட்ட சிவப்பு வட்டங்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஏன் வரவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "வீட்டுல வேல சார்" என்றாள். படிக்கப் பிடிக்காத பிள்ளைகள் எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

மதுரைப் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். டீச்சர் பலமுறை கேட்டதில், ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் கொட்டகையிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மே மாதம், தங்கச்சியின் பிரசவத்துக்கு டீச்சர் தூத்துக்குடி போயிருந்த நேரத்தில், சாயங்காலத்துக்குள் பேர் வேண்டும் என்று விடுதியிலிருந்து எனக்குப் போன் வந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ரெண்டு பிள்ளைல ஒண்ணுதாண்ணே. ரெண்டு வீட்டுக்கும் ஒரு நடை போயி அம்மாமாருட்ட பேசிட்டுக் குடுங்க. நேர்ல பாத்தீகன்னா ஒங்களுக்கே தெரிஞ்சுரும்."

இரண்டு வீடும் கொட்டகையிலிருந்து ஐந்து நிமிஷ நடை. வெளியே மே மாத வெயில். நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினேன். ஒருத்தி பெயருக்கு நேரே சிவப்பே இல்லை. இன்னொருத்திக்கு அம்மை போட்டதுபோல் சிவப்பு. மனசு சொல்லிவிட்டது. சிரிக்கிற பிள்ளையின் பெயரைப் போனில் சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த களைப்பில் ஒரு சர்பத் குடித்தேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். "அந்தப் பாசிக்காரக்கா என்ன சொன்னாகண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"போகல டீச்சர். ரிஜிஸ்டரப் பாத்தேன். பாதி நாளு வராத பிள்ளைய அனுப்பி என்ன செய்ய? மனசுக்குப் பட்டுச்சு, குடுத்துட்டேன்."

டீச்சர் பதிவேட்டை எடுத்துக்கொண்டுபோய் என் காலண்டருக்குக் கீழே பிடித்தார். ஒரு விரலைச் சிவப்பு வட்டங்களின் மேலும், இன்னொரு விரலைக் காலண்டரின் மேலும் வைத்தார். கறுப்பு வட்டத்தை ஒட்டி ஆறு நாள் சிவப்பு. வெள்ளை வட்டத்தை ஒட்டி ஆறு நாள் சிவப்பு. பின்னால் மடித்திருந்த தாளை இறக்கி முந்தின மாதத்தைக் காட்டினார். அதற்கும் முந்தின மாதத்தைக் காட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும்தாண்ணே தண்ணி நல்லா வத்தும். அந்தந்த ஆறு நாளுதான் பாசிக்குப் போக முடியும். அவுக அம்மா கல்லு கல்லா முங்கி எடுத்துட்டு வந்து, பொழுதடையிற வரைக்கும் காயப்போடும். இந்தப் பிள்ளைதான் சோறாக்கணும், கைப்பிள்ளையப் பாக்கணும். மிச்ச நாளு ஒண்ணுகூட விடாம வந்திருக்கு பாருங்க." பதிவேட்டை மூடினார். "இது தெரியாத ஆளு இந்தத் தீவுல இருப்பாகன்னு நான் நெனைக்கலண்ணே. என் தப்புத்தான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். தன் தப்பு என்று சொன்னவரிடம் என்ன சொல்வது? விடுதிக்குப் போன் போட்டோம். சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, உள்ளே வரச் சொன்னார். பாறை குத்தாமல் இருக்கக் காலில் கட்டும் தகரம் கதவோரம் கிடந்தது. உள்ளே, சுவரை ஒட்டி, புதுத் தகர டிரங்குப் பெட்டி ஒன்று. அதன் மூடியில் அவருடைய மகளின் பெயரும், கீழே "ஒன்பதாம் வகுப்பு" என்றும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது, அவளேதான் எழுதியிருக்கிறாள்.

நான் பெட்டியைப் பார்ப்பதை அந்த அம்மா பார்த்துவிட்டார். "பேரு வந்தாலும் வரும்னு டீச்சர் சொல்லுச்சு சார். கைப்பிள்ளையப் பாக்கத் தங்கச்சியக்கூட வரச் சொல்லியிருந்தேன். பரவால்ல. அரிசி போட்டு வச்சுக்கிறலாம்" என்றார். மகள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். திரும்பவில்லை.

சிரிக்கிற பிள்ளை விடுதியில் மூன்று வாரம் இருந்தாள். அழுது அழுது காய்ச்சல் வந்து, அப்பா போய்க் கூட்டிவந்துவிட்டார். அவளுக்குப் போகவே விருப்பமில்லை என்பதை அவள் அம்மா வாசலிலேயே சொல்லியிருப்பார், நான் போய்க் கேட்டிருந்தால். அந்த இடத்தை வேறு ஊர்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். பாசிக்காரம்மா மகள் பத்தாவது வரைக்கும் இங்கேயே, மாதத்தில் பன்னிரண்டு நாளை விட்டுவிட்டுப் படித்துப் பாஸ் செய்தாள். பிறகு அம்மாவோடு கடலுக்குப் போகத் தொடங்கினாள்.

மனசு சொல்வதைக் கேட்காதே என்று நான் இன்றைக்கும் யாரிடமும் சொல்வதில்லை. மதுரையில் டீக்கடையில் நின்றபோது அது சொன்னதை நம்பி, கையில் ஒரு பையோடு பஸ் ஏறினேன். தோற்றிருந்தால் தெருவில் நின்றிருப்பது நான்தான். மின்விசிறிக்கு அடியில் அது சொன்னபோது, தோற்றால் போவது யாரோ ஒரு பிள்ளையின் படிப்பு. வெயிலில் நடக்கச் சோம்பல், சிரிக்காத பிள்ளைமேல் ஒரு சின்ன வருத்தம், இரண்டும் சேர்ந்து பேசியதைத்தான் மனசின் குரல் என்று எடுத்துக்கொண்டேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

கொட்டகை இப்போது இல்லை. டீச்சர் தூத்துக்குடியில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார். போன மார்கழியில் கடையில் காலண்டர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பாசிக்காரம்மா மகள் வந்தாள். பாசிக்குப் போகும் பெண்களுக்காகப் பத்துக் காலண்டர் கேட்டாள். கொடுத்தேன். ஒன்றை விரித்து, என் கடைப் பெயர் இருந்த பக்கமே பார்க்காமல், வட்டங்களின் மேல் மட்டும் விரலை ஓட்டினாள். விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு. அத்தனை வருஷமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். "அன்னைக்கு நான் ஒங்க வீட்டுக்கு ஒரு எட்டு வந்திருக்கணும்மா."

அவள் காலண்டரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். மற்ற ஒன்பதையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். இறங்கிய பிறகு நின்று திரும்பினாள்.

"ஒங்க ஜோக்குக்கு நானும் சிரிச்சு வச்சிருக்கலாம் சார். சிரிப்பு வரலயே, என்ன செய்ய."