டின்னைச் சுட்ட கௌபாய்

விஜயபுரத்துப் பக்கம் எங்களுக்கு இருக்கிற கழனியில அந்த வருஷம் வேர்க்கடலை மட்டும்தான் போட்டிருந்தோம். காய் பிடிக்கிற நேரம் பார்த்து குரங்குக் கூட்டம் வந்து செடியோட பிடுங்கித் துன்னுச்சு. கடலை போனா எங்களுக்கு எல்லாமே போச்சு. அதுக்காகத்தான் திருப்பதி போய் ஏர் கன் வாங்கினேன்னு ஊருக்குச் சொன்னேன். நிஜத்துல, சின்ன வயசுல பார்த்த கௌபாய் படம்தான் காரணம். கடைக்காரர் எடுத்துக் காட்டின சாதாரண துப்பாக்கி எதுவும் எனக்குப் பிடிக்கல. படத்துல வர்ற மாதிரி அடியில இழுக்கிற லீவர் இருக்கிறதுதான் வேணும்னு அடம் பிடிச்சேன். "பாகுந்தி சார், மீக்கு கரெக்டுகா செட் அயிந்தி"ன்னார். எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதாம்! தொந்தியும் லுங்கியுமா ஒரு கௌபாய்.

வீட்டுல பொண்டாட்டி அதுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டிட்டுச் சொன்னா: "இன்னாங்க, ஆஞ்சநேயரு மேல ஒரு குண்டு பட்டுச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். சத்தம் போட்டுத் தொரத்துங்க." சரின்னு வரப்பு ஓரத்து வேப்பமரத்துல பழைய எண்ணெய் டின்னைக் கட்டித் தொங்கவிட்டேன். குண்டு பட்டா டணார்னு கேக்கும், குரங்கு ஓடும்.

குண்டு பட்டாத்தானே! லீவரை இழுத்து இழுத்துத் தோள் வீங்கினதுதான் மிச்சம். குண்டு இடது பக்கமாவே போச்சு. குறி பார்க்கிற சைட்டை வலப்பக்கம் தள்ளினேன், பக்கத்துக் கழனி மோட்டார் ஷெட்டுல பட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, துப்பாக்கிக் கட்டையில ஸ்க்ரூவே லூசா ஆடிக்கினு இருந்திருக்கு. அதை இறுக்கி, சைட்டைத் துளித்துளியா நகர்த்தி, ஒரு வழியா டின்னுல படவெச்சேன். டின்னு சத்தம் கேட்டாப் போதும், பொண்டாட்டி கன்னத்துல போட்டுக்கினு, சாமி குத்தம் ஆகக் கூடாதுன்னு ரெண்டு வாழைப்பழத்தை மரத்தடியில வெச்சுட்டு வருவா. பக்திதானேன்னு நானும் விட்டுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கடலை பிடுங்கப் போற சமயத்துல ஒரு பெரிய கூட்டமே செடிக்குள்ள இறங்கிச்சு. படுத்துக்கினு குறி பார்த்தேன். ஒரே குண்டு, டணார்! குரங்குங்க தலையைத் தூக்கி ஒரே ஓட்டம் ஓடிச்சுங்க. கழனியை விட்டு இல்ல, நேரா டின்னுக்கு. பக்கத்துக் கழனியில இருந்ததுங்களும் குட்டியைக் கட்டிக்கினு வந்து சேர்ந்து, மரத்தடியில வரிசையா உக்காந்து என்னையே பார்த்துச்சுங்க. மானம் போச்சு. ஆனா கடலைச் செடிப் பக்கம் ஒண்ணுகூட இல்ல.

பொண்டாட்டி ஒரு சீப்புப் பழத்தோட வந்து நின்னு, கூட்டத்தை ஒரு சுத்து பார்த்தா.

"இன்னொரு வாட்டி சுடுங்க. அந்தப் பெரிய ஆஞ்சநேயரு இன்னும் வரல."