டொறீன் வாங்கிய ஹீட்டர்

டொறீன் கடைக்குள் ஏறினால் அன்றைக்குக் கடைக்காரருக்கு வேறு வியாபாரம் ஓடாது. உக்குவளையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்துப் பிழைக்கிறவள், ஐம்பது தாண்டியவள். எதையும் தட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், கடைசியில் வேண்டாம் என்று வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவாள். ஒரு குடைக்கே மாத்தளையைச் சுற்றி வந்தவள், அப்பாவுக்கு ஹீட்டர் வாங்கக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒஸ்வல்ட்டுக்கு எண்பது வயது. கம்மடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேற்கணக்குப் பிரிவின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். ஃபெக்டரியில் கொழுந்து காய வைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளியே காலத்தை ஓட்டியவர். அப்படி நெருப்புக்கு முன்னால் நின்ற மனுசனுக்கு வயதுபோன காலத்தில் குளிர் தாங்கவில்லை. போன மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டாரில் இருக்கும் தம்பி கிறிஷாந்த் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"அக்கா, இன்னொரு தடவ அப்பிடி ஆச்சுன்னா அப்பாவ அங்க விட முடியாது. கீழ கூட்டிட்டு வந்துருங்க."

அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. "ஒன்னோட வீட்டுல நான் என்னா செய்ய? மெஷின் சத்தத்த கேட்டுக்கிட்டு கூரையப் பாத்துக்கிட்டு கெடக்கவா?" என்பார். அவரை லயத்திலிருந்து பிடுங்கி வந்தால் அதிக நாள் இருக்கமாட்டார் என்று டொறீனுக்கும் உள்ளூரப் பயம். ஆகவே எல்லாம் அந்தக் குளிரில் வந்து நின்றது.

கரண்டு ஹீட்டர் அங்கே சரிப்படாது. காற்றடித்தால் கரண்டு போகும். திரும்பி எப்போது வரும் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். கரிச்சட்டி வைத்தால் புகை. கேஸ் ஹீட்டர் என்றால் சிலிண்டரை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இவள் உக்குவளையில் நிம்மதியாகத் தூங்குவதா? சுடுதண்ணிப் பை நல்லதுதான். ஆனால் அப்பாவுக்குக் கை நடுக்கம். தேத்தண்ணியையே பாதி கீழே ஊற்றுகிறவர் கொதிக்கிற தண்ணியைப் பைக்குள் எப்படி ஊற்றுவார்?

கடைசியில் மாத்தளையில் ஜப்பானில் பாவித்த சாமான்கள் விற்கும் மக்கீனின் கடையில் மாட்டியது. மண்ணெண்ணெயில் எரிகிற, கைப்பிடி வைத்த ஹீட்டர். தட்டிப் பார்த்தாள், திரியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். மக்கீன் பொறுமைசாலி.

"தங்கச்சி, ஒன்ன மட்டும் மறக்க வேணாம். ஜன்னல் கொஞ்சம் தொறந்தே இருக்கோணும். பூட்டின அறையில எரிச்சா அதுல வார நச்சுக் காத்து ஆளயே கொண்டுபோயிரும். மணமும் தெரியாது. படுக்க முந்தி அணைச்சிரச் சொல்லுங்க."

"சரி மக்கீன் நானா," என்றாள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, அப்பாவுக்கு அதைச் சொன்னாள், சொன்னாள், அவர் காது புளிக்கும் வரை சொன்னாள். "அடுப்போட கொணம் எனக்குத் தெரியாதாக்கும்," என்று அவர் முறைத்தார். ஆனால் ஹீட்டரைப் பற்றவைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. திரியைத் தானே சரிசெய்து, கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, டொறீன் அடுத்த லயத்துக்கு ஜெபமாலை சொல்லப் போனாள்.

அந்த லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. பனி இறங்குகிற நேரத்தில், மாட்டுக்கொட்டிலிலிருந்து கடைசியாக வருகிற ஆள், தனியாக இருக்கும் வயதானவர்களின் ஜன்னலை வெளியே இருந்து சாத்திச் சாக்கைத் திணித்துவிட்டுப் போவார். ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் நன்றி சொல்வதுமில்லை. அன்றைக்குக் கடைசியாக வந்தவர் பக்கத்து வீட்டு லெட்சுமணன். கதகதப்பில் கண்ணயர்ந்திருந்த ஒஸ்வல்ட் மாமாவின் ஜன்னல் திறந்து கிடப்பதைப் பார்த்து, பாவம் மறந்துட்டாரு என்று இறுக்கி அடைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொன்ன டொறீன், லயத்தில் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அப்பா நாற்காலியில் சரிந்திருந்தார். கூப்பிட்டால் நாக்குக் குழறியது. "தல பாரமா இருக்கு புள்ள," என்றதோடு வாந்தி எடுத்தார். ஜன்னலில் சாக்கைக் கண்டதும் டொறீனுக்கு உயிரே போய்விட்டது. அவரை அக்குளில் பிடித்து வெளியே பனிக்குள் இழுத்துப்போட்டு லயமே கேட்கக் கத்தினாள். முதலில் ஓடிவந்தது லெட்சுமணன்தான். தோட்டத்து வேனில் ரத்தோட்டை ஆஸ்பத்திரிவரை அப்பாவின் தலை அவர் மடியில் இருந்தது.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். டொறீன் அப்பாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். அப்பா தன் கம்பளியைத் தானே மடித்து அவளிடம் நீட்டினார். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

லெட்சுமணன் வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, செஞ்சது நான். மாமாவ கொண்டுபோவாதீங்க. என்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள். வாயில் வேறொன்று வந்தது. "தினம் பொழுதுபட்டா சுடுதண்ணி வச்சு பையில ஊத்திக் குடுக்க ஏலுமா? அவருக்குக் கை நடுங்குது. மறந்துட்டேன், காய்ச்சல்னு சொல்லி ஒரு நாளும் விடக்கூடாது."

"எனக்கு ஏலாட்டி வீட்டுல இருந்து ஆள் வரும்," என்றார் லெட்சுமணன்.

அடுக்கிய உடுப்பைத் திரும்ப எடுத்து வைத்தாள். மக்கீன் பழகின முகத்துக்காக ஹீட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பாமசியில் ரப்பர் பைகள் இரண்டு வாங்கி மேலே அனுப்பினாள். இந்த ஒரு சாமானைத்தான் அவள் முகர்ந்து பார்க்காமல் வாங்கினாள்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. வந்த முதல் கடுங்குளிரில், மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, குளிரா? மாத்திர போட்டீங்களா? நெஞ்சு எப்பிடி..."

"பொறு பொறு. லெட்சுமணன் வந்துட்டான், தண்ணி ஆறிரும். நாளைக்கிப் பேசு." வைத்துவிட்டார்.

டொறீனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கடை கடையாக ஏறி இறங்கியவள் இவள், பெற்ற மகள் இவள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு கண் நிறைந்து வழிந்தது. மகளின் போனை வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு அவசரமான ஒரு ஆள் அப்பாவுக்கு அங்கே இருக்கிறார். உடனேயே கட்டாருக்குப் போன் எடுத்து, அப்பா கீழே வரத் தேவையில்லை என்று தம்பியிடம் சொன்னாள்.