மழைக்கார வீடு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காகக்கூட ஒன்றும் சேர்க்க மாட்டேன்...

விடியற்காலையில் உப்பளத்துத் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருக்கும். வரப்பில் நடந்தால் வானத்துக்குள் நடப்பது போலிருக்கும். காலில் மட்டும் உப்பு குத்தும்.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுப் பெயர் மழைக்கார வீடு. அப்பாவின் தாத்தாவுக்குக் கல்யாணம் நடந்த அன்று, நடுக்கோடையில் மழை கொட்டி, ஊரார் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோனதாம். அன்றிலிருந்து தபால்காரருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் நாங்கள் மழைக்கார வீடுதான். கூப்பிடுகிறவர்கள் கோபமாகக் கூப்பிடுவதில்லை. ஆனால் வருடத்தின் முதல் உப்பை வாரும்போது எங்கள் வீட்டார் உப்பு விளையும் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. கூலிக்குப் போகும் அப்பா, முதல் குவியல் எழும்வரை ரோட்டோரம் நிற்பார்.

2004இல், நான் ஒன்பதாவது படித்தபோது, அப்பா முதல்முறையாகப் பாத்தி குத்தகைக்கு எடுத்தார். அதில் முதல் உப்பை யார் வாருவது?

"ஏம்பா மழைக்காரரே, கொடை எடுத்தாந்தியா?" என்று யாரோ கத்த, சுற்றிலும் சிரித்தார்கள். அப்பா உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடி வரப்பிலேயே நின்றார்.

பக்கத்துப் பாத்தி முனியம்மா அத்தைதான் வழி சொன்னார். "பொண்ண எறக்குங்கண்ணா. நாளைக்கு வேற வீட்டுக்குப் போற புள்ள. உங்க பேரு அதுக்கு ஒட்டாது."

எல்லோரும் சரி என்றார்கள். எனக்கு ஆசையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது... பலகையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

"நானும் மழைக்கார வீடுதான் அத்தை. நான் வாரலாம்னா எங்கப்பாவும் வாரலாம்."

"வாயப் பாரு இதுக்கு!"

அப்பா இறங்கி வந்து, என் கைக்கு மேலே பலகையைப் பிடித்தார். இருவருமாக இழுத்தோம். உப்பு சரசரவென்று திரண்டு வந்தது.

அந்த வாரமே மழை தூறியது. எல்லார் பாத்தியிலும்தான் தூறியது. திட்டு மட்டும் எங்களுக்கு. அடுத்த வருடம் அப்பா யாரையும் கேட்காமல் இறங்கினார்.

இப்போது பாண்டிச்சேரி ஹாஸ்டலில் இருந்து பதினொன்றாவது படிக்கிறேன். இங்கே என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் மழை. எல்லோரும் நனைய ஓடினார்கள். அப்பா உப்புக்குக் கீற்று போட்டு மூடியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

"ஏன்டி வரல?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"எங்க வீட்டுப் பேரே மழைக்கார வீடு."

"ஐ... சூப்பரா இருக்குதுடி!"

இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும்...

வார்டன் லைட்டை அணைத்துவிட்டார்.