பாலும் மீட்டரும்

காரை விற்க கரவனெல்ல கராஜுக்குப் போயிருந்தேன். வாங்க வந்தவர் பக்கத்தில் நிற்க, கராஜ்கார நானா ஸ்டியரிங்குக்குக் கீழே கேபிளைச் செருகி லெப்டொப்பைப் பார்த்தார்.

"மீட்டர்ல அறுபதாயிரம். கம்ப்யூட்டர்ல ரெண்டு லட்சத்துக்கும் மேல. நீங்களா தம்பி மீட்டரத் திருப்புனீங்க?"

எனக்கு டயர் மாற்றவே தெரியாது. "ஒரே கை ஓட்டுன வண்டி மருமகனே" என்று சொல்லி எனக்கு விற்றவர் சொந்தத் தாய்மாமன்.

வாங்க வந்தவர் பார்த்த பார்வையில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரும் அமோனியா நெடியும் திரும்பி வந்தன. ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால், அதில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். என் சின்ன வயதில் ஒருநாள் அம்மாவின் வாளியில் அப்படிக் காட்டியது.

"நான் ஊத்தலீங்க" என்று அம்மா அழுதார்.

மலையிலிருந்து அந்த வாளியைச் சுமந்து வந்த மாமா, "கிளாஸ் பொய் சொல்லுமாக்கா?" என்றார். அன்று மாமாவின் வாளியில் வழக்கத்தைவிடப் பால் அதிகம். கெட்டிக்கார மாமா என்று நான் கைதட்டினேன்.

"நான் திருப்பலீங்க" என்றேன். வாங்க வந்தவர் போய்விட்டார். மாமாவுக்கு போன் எடுத்து, கம்ப்யூட்டர் காட்டியதைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா மருமகனே? நீதான் கூட ஓட்டியிருப்ப."